கை கற்ற தொழில்: ராயபுரம் கடற்கரை முதல் சாத்தாங்காடு வரை

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கரையில், தொழிலைச் செய்தே கற்பது பள்ளிக்கூடங்களுக்கு முந்திய வழக்கம். கடலோரக் குப்பங்களில் அது கட்டுமரத்தோடு வளர்ந்தது. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யும் கட்டுமரத்தில் ஆணி கிடையாது. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைப்பார்கள். அடுத்த முறை கடலுக்குப் போகும்முன் மறுபடியும் கட்டுவார்கள். கட்டுவதும் அவிழ்ப்பதும் அன்றாட வேலையாக இருந்ததால் குப்பத்துச் சிறுவனுக்கு முடிச்சுப் போட யாரும் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சில ஆண்டுகளில் முடிச்சை இறுக்குபவன் ஆனான்.

கடலுக்குள் போன பிறகு கற்க வேண்டியது வேறு வகையானது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி நீரோட்டம், வடக்கிலிருந்து தெற்கே ஓடும் வன்னி, வாடையும் கச்சானும் கொண்டலும் வீசும் பருவங்கள், இவற்றுக்கு ஏற்ப வலை போடும் இடம் ஆகியவற்றைக் கரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியாது. அப்பாவோ மாமாவோ கையைத் தண்ணீரில் விட்டு ஓட்டத்தின் வேகத்தைப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவன்தான் அதைக் கற்றுக்கொள்வான். பெண் பிள்ளைகள் தாயுடன் கரையில் கற்றார்கள். மீனின் செவுளைத் திறந்து நிறம் பார்ப்பது, ஏலத்தில் எந்த விலைக்குமேல் கேட்கக்கூடாது என்று அறிவது, விற்காத மீனை உப்பிட்டுக் காயவைப்பது எல்லாம் அந்தப் படிப்பில் அடங்கும்.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துச் செய்த இந்தப் படகு, அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். தையலின் இறுக்கம் சற்றுக் கூடினால் வளையாது, குறைந்தால் தண்ணீர் புகும். இந்த அளவைத் தச்சனின் கை அறிந்திருந்தது. எந்த ஏட்டிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது குடும்பத்துக்குள் பிறந்தவருக்கு மட்டுமே கதவைத் திறந்தது. மீனவர் வீட்டுப் பிள்ளை கொல்லர் பட்டறையில் கற்க வழியில்லை; கொல்லர் பிள்ளை கடலுக்குப் போக வழியில்லை. வடசென்னையில் பின்னால் உருவான தொழிற்பயிற்சி முறைகள் ஒவ்வொன்றையும் மதிப்பிடும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். யாருக்குக் கதவு திறந்தது? கற்கும் காலத்தில் சோறு போட்டது யார்?

குடும்பத்துக்கு வெளியே, வேலையின் வழியாகக் கற்பிக்கும் முதல் ஏற்பாடுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்பஞ்சத்திலிருந்து பிறந்தன. 1789-இல் எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் அமைந்தது. அதன் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல், சென்னைப் பக்கத்துத் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் காப்பகத்தில் புகுத்தியதோடு, கற்ற பிள்ளை அடுத்த பிள்ளைக்குக் கற்பிக்கும்படியும் செய்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூல் வழியாக இது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பிரிட்டனெங்கும் பரவியது. சட்டாம்பிள்ளையை வைத்து வகுப்பை நடத்துவது தமிழ்நாட்டுத் திண்ணைகளில் பழகிப்போன வழக்கம் என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதே காப்பகத்துச் சிறுவர்களை வைத்துத்தான் 1794-இல் நில அளவைப் பள்ளி தொடங்கியது. கம்பெனியின் வானியலாளரும் அளவையாளருமான மைக்கேல் டாப்பிங் முன்வைத்த யோசனை அது. முதலில் சேர்ந்தவர்கள் எட்டுச் சிறுவர்கள். சங்கிலியும் கோணமானியும் தூக்கிக்கொண்டு அளவையாளர்களுடன் வயல்வெளியில் நடந்து அவர்கள் தொழில் கற்றார்கள். இப்பள்ளியே வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரியாயிற்று. வகுப்பறையின் அடையாளமாக இன்று விளங்கும் ஒரு கல்லூரி, வெயிலில் சங்கிலி பிடிக்கும் எடுபிடி வேலையில் தொடங்கியது நினைவில் வைக்கத் தக்கது.

1850 இந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு இயற்றப்பட்ட 19-ஆம் சட்டம், ஆதரவற்ற, ஏழைப் பிள்ளைகளைத் தொழில் கற்க ஒப்பந்தம் செய்து ஒப்படைக்க வழிசெய்தது. 10 முதல் 18 வயது வரையுள்ளவர்களை அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்கு ஒரு முதலாளியிடம் அல்லது கப்பலில் பயிற்சியாளராகச் சேர்க்கலாம். பிள்ளைக்கு உணவும் உடையும் இடமும் தருவது முதலாளியின் பொறுப்பு. ஓடிப்போகாமல் வேலை செய்வது பிள்ளையின் கடமை. கற்பவருக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்விக்குச் சட்டம் முதன்முதலாக விடை சொன்னது இங்கேதான். ஆனால் அந்த விடை பிள்ளையின் உழைப்பை ஏழாண்டுக்கு அடகு வைத்துப் பெற்ற விடை.

அதே 1850-இல் ராணுவ மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர், பிராட்வேயில் சொந்தச் செலவில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு தொழில்கலைப் பிரிவும் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றது. மண்பாண்டம், செங்கல், ஓடு, மரச்செதுக்கு, அச்சுக்கட்டை ஆகியவற்றைச் செய்து கற்பித்த அந்தப் பள்ளிதான் இன்று பெரியமேட்டில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி. 1890களின் இறுதியில் அதன் பொறுப்பை ஏற்ற ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். பித்தளை, செம்பு அடித்துப் பழகிய கன்னார்களுக்குப் புது உலோகத்தை அடிக்கக் கற்றுக்கொடுப்பது நோக்கம். தொழில் லாபத்துடன் நடந்ததால் 1903-இல் தனியார் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. குரோம் முறையில் தோல் பதனிடுவதையும் சாட்டர்டன் இவ்வாறே நடத்திக் காட்டினார். சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910-இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி, அரசு தொழிலைக் கற்பிக்கலாம், வணிகமாக நடத்தக்கூடாது என்று தடுத்துவிட்டார். உண்மையான தொழிற்கூடம் இல்லாமல் தொழிலைக் கற்பிக்கச் சொன்ன அந்த உத்தரவின் நிழல் பின்வந்த பயிற்சி நிலையங்கள் பலவற்றின்மீதும் விழுந்திருக்கிறது.

வடசென்னையைத் தொழிலாளர் பகுதியாக மாற்றியது ரயில். 1856 ஜூன் 28 அன்று ராயபுரம் நிலையம் திறக்கப்பட்டது. ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கான ரயில் ஓடியது. அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில் பெட்டிப் பணிமனை அமைந்தது. உலைக்களம், கடைசல், கொதிகலன், தச்சு, வண்ணப்பூச்சு என்று ஒரே வளாகத்தில் பல தொழில்கள் நடந்த இடம் அது. சாதித் தொழில் என்ற வேலியைப் பணிமனை ஓரளவு உடைத்தது. ஃபிட்டர் என்ற தொழிலுக்குப் பழைய சாதி எதுவும் இல்லை. ஆனாலும் வேறு வேலி வந்தது: மேற்பார்வையாளர் ஆகும் பயிற்சி இடங்கள் நெடுங்காலம் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் போயின. தமிழ்த் தொழிலாளி 'கலாசி'யாகச் சேர்ந்து, சம்மட்டி தூக்கி, மேஸ்திரியின் கையைப் பார்த்துப் பார்த்து மேலே வர வேண்டியிருந்தது.

பெரம்பூரையொட்டி 1876-இல் பக்கிங்ஹாம் பஞ்சாலையும் 1881-இல் கர்நாட்டிக் ஆலையும் எழுந்தன. 1881-இன் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலையில் சேர்க்கத் தடை விதித்தது. 1891-இல் அது 9 வயதாகவும் 1922-இல் 12 வயதாகவும் உயர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் 'அரைநேரத் தொழிலாளர்' என்ற பெயரில் பிள்ளைகள் பாதிநாள் ஆலையிலும் பாதிநாள் ஆலைப் பள்ளியிலும் இருந்தார்கள். அறுந்த நூலை ஓடும் இயந்திரத்தில் முடிச்சுப் போடச் சிறு விரல்கள் வசதியாக இருந்தன என்பதே அவர்கள் தேவைப்பட்டதன் காரணம். பாதிநாள் உழைத்துவிட்டு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு எழுத்து எவ்வளவு ஏறியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. கைவழிக் கல்வி என்ற பெயரில் நடந்தவை எல்லாம் கல்வி ஆகிவிடா.

இந்த அனுபவம் இருந்ததால்தான் 1953-இல் தமிழ்நாடு அவ்வளவு கொந்தளித்தது. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பையும் நெசவையும் பாடத்தின் மையத்தில் வைத்தது. ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. நகராட்சிப் பகுதிகளுக்கு வெளியே அது நடைமுறைக்கு வந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலக, முதலமைச்சரான காமராஜர் மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டார். கையால் கற்பதை யாரும் இழிவு என்று சொல்லவில்லை. மலம் அள்ளுபவரின் பிள்ளை எந்தத் தொழிலைக் கற்பது என்ற கேள்விக்குத் திட்டத்திடம் பதில் இல்லை. தொழிலைப் பிறப்பிலிருந்து பிரித்தெடுத்து, யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்று ஆக்கிய பிறகே தொழிற்கல்விக்குத் தமிழ்நாட்டில் மதிப்பு வந்தது.

அந்த வேலையைச் செய்தவை விடுதலைக்குப் பின் எண்ணூர்ச் சாலையில் எழுந்த தொழிற்சாலைகள். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தியது. பிறகு லேலண்டு லாரிகளுக்கு மாறி, 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்க, திருவொற்றியூரில் புல்லட் பிறந்தது. இரண்டிடத்திலும் கற்ற வழி ஒன்றே. முதலில் பிரித்த நிலையில் பாகங்கள் பெட்டியில் வரும், அவற்றைப் பொருத்துவார்கள். பொருத்திப் பொருத்தி ஒவ்வொரு பாகத்தின் வேலையும் புரிந்த பிறகு எளிய பாகங்களை இங்கே செய்வார்கள். கடைசியில் எஞ்சினையும் செய்வார்கள். ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூர் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. 1977-இல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. புல்லட்டின் எரிபொருள் தொட்டியில் ஓடும் பொன்னிறக் கோட்டை எந்தப் பட்டையும் ஒட்டாமல், தூரிகையை ஒரே மூச்சில் இழுத்து வரையும் கலை, அந்த ஆலையில் ஒரு குடும்பத்துச் சகோதரர்களின் கையில் பல ஆண்டுகள் வாழ்ந்தது.

இப்படிப்பட்ட ஆலைகளுக்குப் பட்டறை எடுபிடிகள் போதவில்லை. 1950-இல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்தவை ஐ.டி.ஐ.கள் என்னும் தொழிற்பயிற்சி நிலையங்கள். அங்கே ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவர் முதலில் சந்திப்பது அரமும் ஓர் இரும்புத் துண்டும். துண்டை வைஸில் பிடித்து, அதன் மேற்பரப்பு சமமாகும்வரை ராவ வேண்டும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடையில் ஒளிக்கீற்று தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடியும் ராவல். எல்லா இயந்திரமும் மின்சாரத்தில் ஓடும் காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்பதைக் கை ஒருமுறை உணர்ந்துவிட்டால், பிறகு எந்த இயந்திரத்தில் நின்றாலும் தவறு நேரும்முன் அதை அறிய முடியும். அதற்காகவே அந்தப் பயிற்சி.

1961-இன் பயிற்சியாளர் சட்டம் 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 1962 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுள்ள ஆலைகள் பயிற்சியாளர்களைச் சேர்த்தாக வேண்டும், அவர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும், முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு என்றது சட்டம். 1973-இல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். முதலில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் இதுவே இதுவரை கிடைத்த நல்ல விடை. பிறப்பைக் கேட்காமல் கதவு திறந்தது; கற்கும் காலத்துக்குப் பணம் வந்தது. எண்ணூர், மணலி, பெரம்பூர்க் குடும்பங்களில் 'அப்ரண்டிஸ் முடித்தவன்' என்ற சொல்லுக்குத் திருமணப் பேச்சிலும் எடை இருந்தது.

ஆனால் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பயிற்சியாளர் தொழிலாளர் அல்லர் என்று சொல்லிவிட்டது. எந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நின்றாலும் தொழிலாளர் சட்டங்களின் காப்பு முழுமையாகக் கிடைக்காது. பயிற்சி முடிந்ததும் வேலை தரும் கடமை முதலாளிக்கு இல்லை. 1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு நேரடி விண்ணப்பதாரரைவிட முன்னுரிமை தரவேண்டும் என்றது. ரயில்வே பின்னர் தன் கடைநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காட்டை இவர்களுக்கு ஒதுக்கியது. பெரம்பூரிலும் பிற பணிமனைகளிலும் 'ஆக்ட் அப்ரண்டிஸ்' முடித்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களின் போராட்டங்கள் இன்னும் ஓயவில்லை. கையில் தொழிலும் பெட்டியில் சான்றிதழும் இருந்தும் வேலை இல்லை என்ற நிலை, அந்தச் சட்டம் நிறைவு செய்யாமல் விட்ட பகுதி.

கடல் தொழிலும் இதே காலத்தில் பள்ளிக்குள் வந்தது. 1963-இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனம், 1968-இல் ராயபுரத்தில் கிளை திறந்தது. விசைப்படகு ஓட்டுநர்களையும் படகு எஞ்சின் ஃபிட்டர்களையும் அது பயிற்றுவிக்கிறது. வகுப்பறையில் வரைபடமும் விதிகளும் உண்டு. கூடவே பயிற்சிக் கப்பலில் கடலுக்குப் போவதும் படிப்பின் பகுதி. தெண்டியையும் வன்னியையும் உடம்பால் அறிந்த குப்பத்து இளைஞர்கள் இங்கே திசைகாட்டியையும் எதிரொலிமானியையும் கற்றார்கள். காசிமேட்டில் இன்றும் மரத்தில் விசைப்படகு கட்டும் தச்சர்களோ எந்தச் சான்றிதழும் இன்றிப் பழைய வழியில் கற்றவர்கள்.

சாத்தாங்காடு இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த இடம். பாரிமுனைத் தெருக்களில் அடைந்து கிடந்த இரும்பு வணிகத்தை நகருக்கு வெளியே கொண்டுபோகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்டது. மணலிக்கும் திருவொற்றியூருக்கும் இடையே ஏறத்தாழ 200 ஏக்கரில் சாத்தாங்காடு இரும்பு எஃகுச் சந்தை உருவானது. ராடு, ஆங்கிள், சேனல், பிளேட், காயில் என்று எஃகின் எல்லா வடிவங்களும் இங்கே லாரிகளில் வந்து இறங்கி, வெட்டப்பட்டு, வேறு லாரிகளில் ஏறுகின்றன. இந்தத் தொழிலுக்கென ஐ.டி.ஐ. பாடப்பிரிவு எதுவும் இல்லை. ஆனாலும் இங்கே கற்க நிறைய இருக்கிறது.

கிடங்கில் சேர்பவர் முதலில் கற்பது எடைக் கணக்கு. உருட்டுக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ; 16 மில்லிமீட்டர் 1.58 கிலோ. தகட்டுக்கு நீளத்தையும் அகலத்தையும் மீட்டரிலும் கனத்தை மில்லிமீட்டரிலும் வைத்து 7.85-ஆல் பெருக்குவார்கள். எஃகின் அடர்த்தியிலிருந்து வரும் எண்கள் இவை. பத்தாம் வகுப்பில் கணக்குக்குப் பயந்து பள்ளியை விட்டவர், கிடங்கில் இதை மனத்திலேயே போடுகிறார். எடைமேடைச் சீட்டு வருவதற்குமுன் லாரியின் சரக்கு எத்தனை டன் என்று சொல்லிவிடுகிறார். கணக்கு அவருக்கு வராது என்று ஒரு காலத்தில் முடிவு செய்தவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எஃகின் தரம். அடையாளம் அழிந்த துண்டைச் சாணைச் சக்கரத்தில் பிடித்தால் பொறி பறக்கும். கரிமம் குறைந்த எஃகின் பொறி நீண்டு, அதிகம் கிளைக்காமல் செல்லும். கரிமம் கூடக் கூடக் கிளைத்துப் பூவாக வெடிக்கும். உலோகவியல் நூல்களிலும் இந்தச் சோதனை உண்டு. கிடங்குகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் அது கண்ணால் பார்த்துக் கற்பதாகத் தொடர்ந்துவருகிறது. சந்தையைச் சுற்றியுள்ள பட்டறைகளில் வெல்டிங் கற்பவருக்கு மூத்தவர் சொல்வது காதை வைத்துக் கேள் என்பதுதான். கம்பியின் நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி சரியாக இருந்தால் எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜி பொரியும் ஓசை சீராக வரும். இடைவெளி கூடினால் ஓசை வெடித்துச் சிதறும். கண்ணாடி மறைப்புக்குள் கண் பார்ப்பது கொஞ்சம்தான், காதே பெரும்பகுதி வேலையைச் செய்கிறது.

லாரித் தொழிலிலும் படிப்பு இதே முறையில் நடக்கிறது. கிளீனராக ஏறியவர் கயிறு கட்டவும் தார்ப்பாய் போடவும் டயரைத் தட்டிப் பார்க்கவும் கற்று, காலி வண்டியைக் கிடங்குக்குள் பின்னால் எடுக்கும் நாளில் ஓட்டுநராகத் தொடங்குகிறார். மோட்டார் வாகன விதிகள் வணிக வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் கேட்டதால், ஓட்டத் தெரிந்தும் உரிமம் பெற முடியாமல் பலர் கிளீனராகவே தங்கினார்கள். 2019-இல் அந்தக் கல்வித் தகுதி நீக்கப்பட்டது. கையில் உள்ள திறமையைக் காகிதம் தடுத்த வேலிகளில் ஒன்று அப்போது விழுந்தது.

பட்டறை வழிக் கல்வியின் ஆபத்துகளையும் மறைக்கக்கூடாது. கேஸ் கட்டிங் செய்பவர்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் கிடைக்காத இடங்கள் உள்ளன. தூக்கும் கம்பிக்கயிறு அறுவதும் சரியாக அடுக்காத தகடு சரிவதும் உயிரைக் குடிக்கும். மூத்தவரிடமிருந்து திறமையோடு அவருடைய கவனக்குறைவும் இளையவருக்கு வந்துவிடுகிறது. சிறுவர்களை எடுபிடியாக வைக்கும் பழக்கத்தைக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லும் அதன் திருத்தம் 2016-லும் தடுத்தன. ஆபத்தான தொழில்களில் பயிற்சிக்குக் குறைந்த வயது 18 என்று 2014-இன் பயிற்சியாளர் சட்டத் திருத்தம் வகுத்தது. தொழில் கற்கும் வயது பள்ளி வயதுக்குப் பின்னே தள்ளப்பட்டது இந்த வட்டாரத்துக்கு நேர்ந்த நன்மைகளில் பெரியது.

பட்டறையில் கற்றவரின் திறமையைத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் 'முன்கற்றல் அங்கீகாரம்' 2015-இல் மத்திய அரசின் திறன் திட்டத்தில் இடம்பெற்றது. 2016-இல் வந்த தேசியப் பயிற்சி ஊக்குவிப்புத் திட்டம், உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, முதலாளிக்குத் திருப்பித் தந்தது. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும், 71 அரசு ஐ.டி.ஐ.களில் நவீன எந்திரங்களை நிறுவும் பணியும் அடுத்த தலைமுறைக்கு உரியவை. பத்து ஆண்டு வெல்டிங் செய்தவர் சான்றிதழ் பெற்றால் மணலியின் பெரிய ஆலைகளில் ஒப்பந்த வேலைக்காவது நுழையலாம். ஆனால் தேர்வுக்குப் போகும் நாளின் கூலியை இழக்க வேண்டியிருப்பதால், தினக்கூலிக்காரர் பலருக்கு இலவசச் சான்றிதழும் விலை கொடுத்து வாங்குவதாகவே ஆகிறது.

சாத்தாங்காட்டில் இன்று இரும்பு இறக்கவும் வெட்டவும் வருபவர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநில இளைஞர்கள் கணிசமானோர். அவர்களுக்குக் கற்பிக்கும் தமிழ் மேஸ்திரிக்கு இந்தி அரைகுறை. கற்பவருக்குத் தமிழ் அரைகுறை. சைகையும், தொட்டுக் காட்டுவதும், ஆங்கிள், சேனல், கட்டிங் என்ற பொதுச் சொற்களும் பாடமொழியாகியிருக்கின்றன. பீகாரிலிருந்து வந்தவர் சில மாதங்களில் 162-ஆல் வகுத்து எடை சொல்கிறார்.